பிங்கியின் கண் மருந்து

எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே பிங்கி அழ ஆரம்பித்துவிட்டது. ஊளையிட்டு அழுதிருந்தால் தெரு நாய்களோடு சேர்த்து அதையும் அதட்டிவிட்டு மறந்திருப்பார்கள். இது சத்தமே போடாமல், இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிய, எதிரில் நிற்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே அழுதது. உடம்பு முழுக்கப் பால் வெள்ளை. அதனால் கண்ணுக்குக் கீழே இறங்கிய இரண்டு பழுப்புக் கோடுகளும் நாலு வீடு தள்ளி நிற்பவருக்கும் தெரிந்தன.

அப்போது நாங்கள் ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக்காரர்களின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா அங்கே ஃபிட்டர். ஆபீசர்களுக்கு மாற்றல் வந்தால், வடக்கே கொண்டுபோக முடியாத சாமான்களைக் கீழே வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். கொசுவலைக் கட்டில், ரோஜாத் தொட்டி, கோழிக்கூண்டு, இப்படி ஏதாவது கிடைக்கும். அப்பாவின் ஆபீசருக்கு மாற்றல் என்று தெரிந்ததும் அம்மா ரோஜாத் தொட்டிகளுக்கு இடம் ஒதுக்கி வைத்தாள். தொட்டிகள் வேறு யாருக்கோ போயின. அப்பாவுக்கு நாய் கிடைத்தது.

எனக்கு ஒன்பது வயது. எங்கள் வரிசையில் சடை நாய் வைத்திருந்த ஒரே வீடு எங்களுடையது என்பதில் நான் தரையில் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையை மூன்று நாளுக்குமேல் பிங்கி நீடிக்கவிடவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, "பாவம், பழைய வீட்டை நெனச்சு அழுவுது" என்றார்கள். பழைய வீடு என்றால் ஆபீசர் வீடு. அங்கே என் வயதில் ஒரு பெண் இருந்தாள். கியர் வைத்த சைக்கிள் ஓட்டுவாள். அவளை நினைத்துத்தான் என் நாய் அழுகிறது என்று ஊரே சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? என் பங்கு ரொட்டியைப் பிங்கிக்குப் போட்டேன். என் பாவாடையைக் கிழித்து அதற்கு மெத்தை தைத்து அம்மாவிடம் அடி வாங்கினேன். அதற்குத் தமிழ் புரியவில்லையோ என்ற சந்தேகத்தில், வகுப்பிலிருந்த இந்திக்காரப் பெண்ணிடம் அழாதே என்பதற்கு இந்தியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அதன் காதில் "மத் ரோ, மத் ரோ" என்று சொல்லிப் பார்த்தேன். வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதது.

குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்ததால் வைத்தியமும் ஜில்லாவுக்கு ஒன்றாக வந்தது. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றச் சொன்னார் தஞ்சாவூர்க்காரர் ஒருவர். சோற்றில் உப்பை நிறுத்தச் சொன்னார் மதுரைக்காரர். நாகர்கோவில் அக்கா ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, தாய்ப்பால் இரண்டு சொட்டு விடலாம் என்றாள். "நாய்க்கா?" என்று கேட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். திருமுல்லைவாயிலிலிருந்து பால் கொண்டுவரும் அம்மாள் மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. பாத்திரத்தில் பாலை ஊற்றிவிட்டுப் பிங்கியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, நாய் இப்புடி மாலை மாலையா அழுவுது. இது ஊட்டுக்கு ஆவாதும்மா. வயசுப் பொண்ணு வேற வந்து குந்திகினு கீது."

வந்து குந்தியிருந்த வயசுப் பெண் என் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் அண்ணன் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. தை மாதம் காட்டுப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தோம். நிலமும் எருமைகளும் உள்ள பழைய குடித்தனக்காரர்கள். ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது முறை என்று அப்பா போய் அழைத்துவந்தார். ஆடி முடிந்தது. ஆவணி பிறந்தது. அத்தை திரும்பிப் போகவில்லை. எதற்கு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அத்தை இருந்ததால் எனக்குத் தலை பின்னிவிட ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் அத்தைக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டது. ஆடிக்கு வந்தபோது இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை. "குளிக்கறப்ப தண்ணி பூந்துடுச்சு, அடைச்சிக்கினு இருக்கு" என்றாள். எனக்கு அது விளையாட்டாகிவிட்டது. பின்னலுக்கு உட்காரும்போது அவளுடைய இடது காதருகே போய், "சினிமாவுக்குப் போலாமா?" என்று கிசுகிசுப்பேன். பிறகு வலப்பக்கம் வந்து, "சரின்னு சொன்னியே!" என்று சாதிப்பேன். அத்தை சிரிப்பாள். அப்பாவும் அம்மாவும் சிரிக்க மாட்டார்கள். உள்ளே போன தண்ணீர் இரண்டு மாதமாகியும் ஏன் வெளியே வரவில்லை என்று யோசிக்க எனக்கு ரொம்ப வருடம் பிடித்தது.

வீட்டில் அத்தை பேசுவது குறைவு. தட்டில் வைத்ததைப் பிசைந்துகொண்டே இருப்பாள். உள்ளறையில் தையல் மிஷினுக்குப் பின்னால் ஒரு மூலை உண்டு, அங்கேதான் படுக்கை. பிங்கியும் எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு அங்கே போய் அவள் காலடியில் படுத்துக்கொள்ளும். நான் மெத்தை தைத்துப் போட்டது வீணானதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆவணி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையை அழைத்துப்போகக் காட்டுப்பாக்கத்திலிருந்து வருவதாகச் சேதி வந்தது. அப்பா விடியற்காலையில் எழுந்து வாசலுக்குத் தண்ணீர் அடித்தார். அம்மா வடையும் கேசரியும் செய்தாள். அத்தைக்குப் புதுப்புடவை கட்டிவிட்டார்கள். பத்து மணி வாக்கில் மாமாவும் அவருடைய அம்மாவும் தெருமுனையில் தெரிந்தார்கள். மாமா கையில் பூவும் பழமும் நிறைந்த ஒயர் கூடை. பூந்தமல்லியில் பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்திருந்தார்கள்.

கேட் கொக்கியை அப்பா எடுத்ததும் முதலில் வெளியே ஓடியது பிங்கிதான். அதற்கு விருந்தாளிகள் என்றால் உயிர். நேரே போய் மாமாவின் அம்மா எதிரில் உட்கார்ந்து, நிமிர்ந்து முகத்தைப் பார்த்தது. அன்றைக்கென்று பார்த்து இரண்டு கண்ணும் குழாயாகக் கொட்டின.

அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடா இது, நாய் அழுவுது?"

"அது சும்மா கண்ணு நோவும்மா. உள்ள வாங்க" என்றார் அப்பா.

"கண்ணு நோவோ இன்னாவோ. நல்ல காரியம் பேச வந்த எடத்துல எதிர்ல வந்து குந்திகினு அழுவுதே. வேணாம்டா, திரும்பு."

அப்பா தெருவிலேயே கையைக் கூப்பினார். அம்மா தண்ணீர்ச் சொம்போடு ஓடினாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று மாமாவின் அம்மா மறுத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை, மழை வருகிறது குடை எடுத்துக்கொள் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் பேசினார். "ஆவணி கடசி ஞாயித்துக்கெய்ம வரோம். அத உட்டா பொரட்டாசி பொறந்துடும், அப்பால ஒண்ணும் ஆவாது. அதுக்குள்ள இந்த நாயை இன்னா பண்ணணுமோ பண்ணி வையுங்க." மாமா பழக்கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு தன் அம்மாவின் பின்னால் நடந்தார். பிங்கி தெருமுனைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைக்கூடக் கழற்றாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே புதுப்புடவையோடு நின்றிருந்த அத்தை சேதியைக் கேட்டாள். புடவையை மாற்றி மடித்து வைத்துவிட்டு வந்தாள். சமையலறையில் போய்த் தட்டை எடுத்து, வடை இரண்டு வைத்துக்கொண்டு தின்றாள். பிறகு இன்னும் ஒன்று. ஆடியிலிருந்து அவள் தானாக எடுத்துச் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அப்பா தீர்ப்புச் சொன்னார். அவருக்குத் தெரிந்த செங்கல் லாரிக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் பிங்கியைக் கொடுத்து, சூளையில் விட்டுவிடச் சொல்லப்போகிறாராம். எனக்குச் சூளையைத் தெரியும். ரயிலில் போகும்போது பார்த்திருக்கிறேன். அந்தப் புகையிலும் செம்மண்ணிலும் என் வெள்ளை நாய் எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? நான் தரையில் விழுந்து புரண்டு அழுதேன். அம்மா தூக்கினாள், திமிறினேன். அப்போதுதான் மூலையிலிருந்து அத்தை எழுந்து வந்தாள்.

"தொரத்தற அளவுக்கு அது இன்னாண்ணா பண்ணுச்சு? டாக்டராண்ட காட்டலாம். மருந்து குடுத்தா தெனம் நானே போடறேன். கொழந்த ஸ்கூலுக்குப் போயிடும். நான் ஊட்டுலதான இருக்கேன்."

அத்தை அண்ணனிடம் எதையும் கேட்டவள் இல்லை. அப்பா இறங்கிவந்தார். "கடைசி ஞாயிறுக்குள்ள நிக்கணும். இல்லாட்டி லாரிதான்" என்றார். நான் அத்தையைக் கட்டிக்கொண்டு அவள் புடவை முழுக்க மூக்கைச் சிந்தி வைத்தேன். உலகத்திலேயே நல்லவள் என் அத்தைதான் என்று அன்று ராத்திரி சாமியிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை நானும் அத்தையும் பிங்கியை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, பூந்தமல்லிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் கூடையைப் பார்த்தார்.

"உள்ள இன்னாம்மா?"

"தேங்கா" என்றாள் அத்தை.

தேங்காய் தும்மியது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டிக்கொண்டே, "தேங்காய்க்கு சளி புடிச்சிகினு கீது போல. நல்லா மூடிகினு குந்து" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிக் குலுங்கிச் சிரித்தது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

மாட்டாஸ்பத்திரியில் ஓர் எருமைக்கும் இரண்டு ஆட்டுக்கும் பின்னால் எங்கள் முறை. கம்பவுண்டர் கூடைக்குள் எட்டிப்பார்த்து, "இன்னா பாப்பா, இது எத்தினி லிட்டரு கறக்கும்?" என்று கேட்டார். டாக்டர் சின்ன வயசுக்காரர். மேஜைமேல் பிங்கியை நிறுத்தி, இமையை இழுத்து, டார்ச் அடித்து, உள்ளே தூசி இருக்கிறதா, முடி குத்துகிறதா, புண் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதுவும் இல்லை.

"காரணம்னு ஒண்ணும் தெரியலம்மா. இந்த ஜாதி நாய்ங்கள்ல சிலதுக்கு இப்படித்தான் வழிஞ்சுக்கிட்டே இருக்கும்."

எனக்கு வேண்டிய கேள்வியை நான் கேட்டுவிட்டேன். "பழைய வீட்டை நெனச்சு அழல இல்ல சார்?"

டாக்டர் சிரித்தார். "நாய்க்குத் துக்கம் வந்தா சாப்பிடாது பாப்பா. எங்கயாவது மூலையில போய்ப் படுத்துக்கும். கண்ணுல தண்ணியெல்லாம் வராது. இது வாலாட்டுது, நல்லா சாப்பிடுதுன்னு வேற சொல்றே. இதுக்குத் துக்கம் ஒண்ணும் இல்ல."

எனக்குக் கையைத் தட்டவேண்டும்போல இருந்தது. கியர் சைக்கிள்காரி ஒழிந்தாள். பிங்கி என்னுடையது. அத்தை வலது காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"துக்கம் வந்தா தண்ணி வராதா சார்?"

"நாய்க்கு வராதும்மா."

கண்ணைச் சுற்றியிருந்த முடியை அவரே கத்தரித்துவிட்டார். ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். கீழ் இமையை இழுத்து, அரிசி நீளத்துக்கு, மூன்று வேளை. ஒரு நாளும் விடாமல் போட்டால் நாலைந்து நாளிலேயே குறையும் என்றார். மருந்துக்கடையில் சின்ன டியூப் ஒன்று தந்தார்கள். அதன் வாய் அடைத்திருந்தது. மூடியைத் தலைகீழாகத் திருப்பினால் அதில் ஒரு முள் இருக்கும், அதனால் குத்தித்தான் திறக்க வேண்டும் என்று கடைக்காரர் எனக்குக் காட்டினார். குத்திப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. "வீட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம்" என்று அத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்பா வேலையிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே, "மருந்து போட்டியாம்மா?" என்பார். "மூணு வேளையும் போட்டேண்ணா" என்பாள் அத்தை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பிங்கி அத்தை மடியில் இருக்கும். ஈரத்துணியால் கண்ணுக்குக் கீழே துடைத்துவிட்டு, மெல்ல ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். ஆனால் கண்ணீர் நிற்கவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. துடைத்த கையை எடுக்குமுன் மறுபடி வழிந்தது. அப்பா லாரிக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவள், மருந்து தீர்ந்துவிட்டதோ, அதனால்தான் வேலை செய்யவில்லையோ என்று அலமாரியில் தேடினேன். பழைய பவுடர் டப்பாவுக்குள் டியூப் இருந்தது. குண்டாக, கசங்காமல், கடையில் வாங்கியபடியே இருந்தது. மூடியைத் திறந்தேன். வாய் அடைத்தபடியே இருந்தது. முள் அதைத் தொடவே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தை கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அத்தை மருந்தே போடல! பாரு, தெறக்கவே இல்ல!"

அம்மா டியூபைப் பார்த்தாள். கொல்லைப் பக்கம் பார்த்தாள். பிறகு ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"இருந்த எடத்துலயே வை. உங்க அப்பாகிட்ட மூச்சு விடாத."

"லாரியில ஏத்திடுவாங்கம்மா!"

"ஏத்த மாட்டாங்க. நான் பாத்துக்கறேன். வைடி."

அம்மா எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. அத்தைக்கு என் நாயைப் பிடிக்கவில்லை, அம்மாவுக்கோ ரோஜாத் தொட்டி கிடைக்காத ஆத்திரம். இரண்டு பேரும் சேர்ந்து பிங்கியைச் சூளைக்கு அனுப்பத் திட்டம் போட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. உலகத்திலேயே நல்லவள் என்று சாமியிடம் சொன்னதை அன்று ராத்திரியே திருப்பி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் டியூபை முள்ளால் குத்தினேன். கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிங்கியைக் கொண்டுபோய், இரண்டு முட்டிக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து, "பைட்டோ, பைட்டோ" என்று உட்காரச் சொல்லி, எனக்குத் தெரிந்த மற்றொரு இந்தியையும் செலவழித்து, இமையை இழுத்து அரிசி நீளத்துக்கு வைத்தேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட வரும்போது ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை. போட்டுவிட்டு டியூபைத் துடைத்து, பவுடர் டப்பாவிலேயே வைத்துவிடுவேன். அத்தை அதை எடுத்தால்தானே அவளுக்குத் தெரியும்? அவள் எடுக்கவே இல்லை. சாயங்காலம் அப்பா கேட்பார். "போட்டேண்ணா" என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாய்ப்பாடு எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை வழிவது குறைந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பிங்கியின் முகம் உலர்ந்துவிட்டது. பழுப்புக் கோடு மட்டும் மிச்சம். அதையும் நான் சோப்புப் போட்டுத் தேய்த்து, முடியின் முனையைக் கத்தரித்துவிட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, மருந்து புடிச்சிடுச்சே!" என்று அத்தையைப் பாராட்டினார். அத்தை பிங்கியின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி வெகுநேரம் பார்த்தாள். ராத்திரி அவள் சாப்பிட வரவில்லை. தலைவலி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்கு வந்தார்கள். அதே மாதிரி பிங்கி முதலில் ஓடியது. மாமாவின் அம்மா குனிந்து பார்த்தார்.

"ஆங். இப்ப லட்சணமா கீது" என்றார். வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அப்பா கெட்டவர் இல்லை. மாமாவைத் தனியே கொல்லைக்கு அழைத்துப்போய் அத்தையின் காதைப்பற்றிக் கேட்டார் என்றும், மாமா தலையைக் குனிந்துகொண்டு "இனிமே கை வைக்க மாட்டேன் மச்சான்" என்று சொன்னார் என்றும் பிற்பாடு அறிந்தேன். அது போதும் என்று அப்பா நினைத்தார். அந்தக் காலத்தில் எங்களைச் சுற்றியிருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

சாப்பாடு ஆன பிறகு சமையலறையில் அத்தை அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள். நான் கேசரிப் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

"அண்ணா, தலைதீபாவளி இங்கதான? அது வரைக்கும் இருந்துட்டுப் போறேனே. இன்னும் ரெண்டு மாசம்தான்."

"எல்லாம் கூடி வந்திருக்குது. அவங்களே சந்தோசமா வந்திருக்கறப்ப தள்ளிப் போடக் கூடாதும்மா. தீபாவளிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்தாள், கீழே வைத்தாள், "பொரட்டாசி போவட்டுமேங்க" என்றாள். அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா தட்டை மறுபடி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். கேட் அருகே அத்தை குனிந்து பிங்கியின் கண்ணுக்குக் கீழே கட்டைவிரலை வைத்துத் தடவினாள். விரலில் ஒட்டிய களிம்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சண்டைக்குத் தயாராக முகவாயைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"எத்தினி நாளா போட்டே?" என்று கேட்டாள்.

"புதன்கெழமைலேருந்து. மூணு வேளையும். நீதான் போடவே இல்லியே."

அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. என் கன்னத்தைக் கிள்ளினாள். "நல்லா போட்டிருக்கே கண்ணு. நிறுத்திடாத, மறுபடி வந்துடும்" என்றாள். இடப்பக்கம் நின்று மாமா இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை அவருடைய அம்மா அத்தையின் தோளைத் தொட்டதும்தான் அவள் திரும்பினாள். மூன்று பேரும் தெருமுனையில் திரும்பும்வரை பிங்கி அவர்களோடு போயிற்று. அப்பா பஸ் ஏற்றிவிடப் பின்னாலேயே போனார்.

நானும் அம்மாவும் வாசலில் நின்றோம். லாரி இனி வராது. என் நாய் என்னோடு. ஓடிவரும் பிங்கியைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். அதன் முகம் காய்ந்து சுத்தமாக இருந்தது.

"மருந்து நீ போட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமா" என்றேன். சொன்னதைக் கேட்காமல் செய்ததற்கு அடி விழும் என்று தெரியும். ஆனாலும் பெருமையை அடக்க முடியவில்லை. "ஒரு வேளைகூட விடல. நான்தான் நிறுத்தினேன். அதனாலதான் அவங்க உள்ளயே வந்தாங்க."

அம்மாவின் கை உயர்ந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கை வந்து என் தலைமேல் விழுந்து, அங்கேயே இருந்தது. அன்று அத்தை பின்னிவிட்ட பின்னலை மேலிருந்து கீழாகத் தடவினாள்.

"உன் மேல தப்பு இல்லடி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தப்பு என்று யாருமே சொல்லாதபோது அம்மா எதற்கு அப்படிச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. நாயை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவு திறந்ததும் என்னைப் பாராட்டுவாள் என்று நான் அங்கேயே காத்துக்கொண்டு நின்றேன்.